பன்னிரண்டாவது அம்பு

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர் நாகேந்திரம். முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கராக இருந்து, மற்றவர்கள் எழுதிய கடிதங்களில் பிழை திருத்தியே தலை நரைத்தவர். பென்சன் எடுத்த பிறகும் அந்த வியாதி மாறவில்லை. அதுதான் தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவரைக் கொண்டுபோய்ப் பொலிஸ் ஸ்டேசன் மர வாங்கில் இருத்தியது.

விடியற்காலை ஆறு மணிக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் அவர்களுடைய லேனைச் சுற்றிவளைத்துச் செக்கிங். அவருடைய மனைவி அருந்ததி அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாவற்றையும் முதல்நாளே மேசையில் அடுக்கி வைத்திருந்தாள். அந்த விஷயத்தில் அவள் கெட்டிக்காரி. வந்தவர்கள் அலுமாரியைத் திறந்தார்கள். உள்ளே துவாயில் சுற்றியபடி பன்னிரண்டு அம்புகள். அறுபதுகளில் அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த ஓர் அமெரிக்க எஞ்சினியர் ஊர் திரும்பும்போது நாகேந்திரத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவை. கூடவந்த வில் எப்போதோ முறிந்துபோயிற்று.

ஓர் அம்பில் மட்டும் ஏதோ சிவப்பாகக் காய்ந்திருந்தது. "மே லேத?" என்றான் இளம் கொன்ஸ்டபிள். இரத்தமா என்று கேட்கிறான்! குங்குமம் ஐயா, குங்குமம். ஆயுத பூசைக்குக் கத்தி, அரிவாள், தையல் மெசினோடு, பன்னிரண்டுக்கும் சேர்த்து அந்த ஒரே அம்பைத்தான் அருந்ததி எடுத்து வைப்பாள். சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம். அவள் அதைத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். சார்ஜண்டுக்கு விளங்கிவிட்டது. கதிர்காமக் கோயிலுக்குப் போய்வருகிற மனிதராக்கும். "விளையாட்டுச் சாமான். பிளாஸ்டிக்" என்று சொல்லி, துவாயைத் திரும்பச் சுற்றத் தொடங்கினார்.

அதோடு முடிந்திருக்கும். முடிய விட்டாரா இந்த மனுசன்?

"பிளாஸ்டிக் இல்லை சேர். ஃபைபர் கிளாஸ்."

கடலில் இயக்கப் பெடியள் ஓட்டுகிற படகெல்லாம் ஃபைபர் கிளாஸ் என்று ரேடியோவும் பேப்பரும் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. சார்ஜண்டின் கை அப்படியே நின்றது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

ஸ்டேசனில் பொறுப்பதிகாரி மரியாதையாகத்தான் கதைத்தார். "இது இப்போது செய்த சாமான் இல்லை, எங்கே, எந்த ஆண்டு செய்தது என்று விஷயம் தெரிந்த ஒருவர் வந்து காட்டட்டும். பன்னிரண்டு மணிவரை பார்ப்பேன். பிறகு ஆளை மேலே அனுப்பிவிடுவேன்." மேலே போனவர்கள் மாதக்கணக்கில் வருவதில்லை. சிலர் வரவேயில்லை. பின்னாலேயே வந்திருந்த அருந்ததி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். வாங்கில் இருந்த நாகேந்திரம் அவளுடைய முகத்தைப் பார்க்கவேயில்லை.

அவளுக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வந்தது. பதியுதீன். கொம்பனித்தெருவில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர். வில்லுக்கு நாண் வாங்கப் புருசனோடு இருபது வருடத்துக்கு முன்னர் போனபோது, இந்த அம்புகளை வாங்கித் தடவிப் பார்த்து, "நல்ல சாமான், யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று சொன்னவர். அவ்வளவுதான் பழக்கம்.

திரீவீல் பிடித்து, இரண்டு இடத்தில் இறங்கி அடையாள அட்டை காட்டி அவள் போய்ச் சேரப் பத்தரை. பதியுதீன் ஒரு ரக்கெற்றுக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தார்.

"அழாம, என்ன நடந்திச்செண்டு செல்லுங்க தங்கச்சி."

சொன்னாள். சொல்லும்போதே நம்பிக்கை போய்விட்டது. ஒரு தமிழனுக்காகப் பொலிசுக்குப் போய்க் கதைக்க, அந்த நாளில் கூடப்பிறந்தவனே யோசிப்பான். இவர் யாரோ எவரோ.

பதியுதீன் யோசிக்கவில்லை. மேசை லாச்சியில் இருந்து பூதக்கண்ணாடியையும், அலுமாரிக்கு மேலே இருந்து வில் அம்புப் படங்கள் போட்ட, தூசி படிந்த ஒரு பழைய கற்றலொக்கையும் எடுத்தார். "ஜும்மாவுக்கு இன்னும் நேரம் ஈக்கு. வாங்க போவம்" என்று சொல்லிக் கடையின் சற்றரை இழுத்துப் பூட்டினார்.

ஸ்டேசன் மேசையில் அம்புகளை வரிசையாகப் போட்டு, ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சிங்களம் அவர் வாயில் தண்ணீராய் ஓடியது. கண்ணாடி நூலைச் சுற்றிச் சுற்றிச் செய்த தண்டு, உள்ளே வரி தெரிகிறது பாருங்கள் என்றார். நாண் பிடிக்கிற வால்துண்டு நேரே தண்டில் ஒட்டியிருக்கிறது, பிந்தி வந்தவற்றில் இடையில் அலுமினியத் துண்டு இருக்கும் என்றார். இறகு உண்மையான பறவை இறகு, பிறகுதான் பிளாஸ்டிக் இறகு வந்தது என்றார்.

பொறுப்பதிகாரி தலையாட்டினார். "பழசு என்று விளங்குது. எந்த ஆண்டு? நான் எழுத வேண்டும்."

ஆண்டு தெரிய லேபல் வேண்டும். பதினோரு அம்பில் லேபல் இல்லை. வருடாவருடம் அருந்ததி துடைத்த துடைப்பில் ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை. சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். அவளுக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

பதியுதீன் பன்னிரண்டாவதை எடுத்தார். பூசை அம்பு. துடைத்தால் சாமிக்குக் குற்றம் என்று அவள் அதைத் துடைப்பதேயில்லை. பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம். "இது என்ன அம்போ, புற்றோ?" என்று நாகேந்திரம் வருடம் தவறாமல் நக்கலடிப்பார். கண்ணாடியை அந்தக் காய்ந்த சந்தனத்தில் வைத்துப் பார்த்த பதியுதீன் நிமிர்ந்தார். ஓரத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது.

"தங்கச்சி, இது நீங்க வச்ச பொட்டு. நான் கை வெக்கிறது சரியில்ல. நீங்களே தொடைங்க."

முந்தானையைத் தண்ணீரில் நனைத்து மெல்ல மெல்ல ஒற்றினாள். பிள்ளையாரே, பிள்ளையாரே என்று வாய் தன்பாட்டில் முணுமுணுத்தது. அந்த அறை முழுக்க நவராத்திரி வாசம். சந்தனம் கரையக் கரையப் பச்சை லேபல் முழுசாக வெளியே வந்தது. கம்பனியின் பெயர், ஊர், மாநிலம். வேறொன்றுமில்லை.

பதியுதீன் சிரித்தே விட்டார். நாங்கள் கொழும்பு ஆறு என்று தபால் இலக்கம் போடுகிறமாதிரி, அமெரிக்காக்காரன் அறுபத்துமூன்றில் இருந்து விலாசத்துக்குப் பின்னால் ஐந்து இலக்கம் போடுகிறான், இதில் இலக்கம் இல்லையே என்றார். பிறகு கற்றலொக்கை விரித்தார். அறுபத்திரண்டாம் ஆண்டினது. அதே பச்சை லேபல், தண்டில் அதே இரண்டு மஞ்சள் வளையம்.

பொறுப்பதிகாரி படத்தையும் அம்பையும் மாறிமாறிப் பார்த்தார். "அறுபத்திரண்டா? நான் அப்போது பிறக்கவேயில்லை" என்று சொல்லிப் புத்தகத்தை இழுத்தார். வாசித்துக்கொண்டே எழுதினார். பழைய பிளாஸ்டிக் அம்புகள், பன்னிரண்டு.

நாகேந்திரத்தின் கழுத்து நீண்டது. உதடு பிரிந்தது.

"ஓம் சேர்" என்றார் நாகேந்திரம்.

வெளியே காலி வீதிக்கு வந்ததும் அவர் பதியுதீனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைமாதிரி அழுதார். "பதியுதீன் நானா, நான் உங்களுக்கு என்னத்தைச் சொல்ல..."

"ஒண்ணும் செல்லாதீங்க. நீங்க செல்லித்தானே இவ்வளவும்!" என்றார் பதியுதீன். அழுதுகொண்டிருந்த அருந்ததிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தொப்பியைச் சட்டைப்பையில் இருந்து எடுத்தபடி பள்ளிவாசலுக்கு விரைந்தார்.

அந்த வருடச் சரஸ்வதி பூசைக்கு முதல் கிண்ணம் அவலும் கடலையும் கொம்பனித்தெருவுக்குத்தான் போயிற்று. கூடப்பிறந்த அண்ணனுக்குச் செய்வதுபோல அருந்ததி அதைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். பூசைக்கு முன், லேபலில் ஒட்டியிருந்த மிச்சச் சந்தனத்தைத் துடைக்க அவள் துணியை எடுத்தபோது, பின்னால் இருந்து நாகேந்திரத்தின் குரல் கேட்டது.

"துடைக்காதையும். அதுக்கு மேலயே சந்தனத்தை வையும்."