வெளியே கேட்காத கிதார்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை மாலை வகுப்பில், கரும்பலகையில் ஏதோ அட்டவணை வரைந்துகொண்டிருந்தார்கள். பின் பெஞ்சில் ரவிக்குமார் இரண்டு பென்சில்களால் மேசையைத் தட்டிக்கொண்டே இதை என் காதில் சொன்னான். அவன் ஒரு வாத்தியக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவன். முந்தின நாள் நடந்தது அவனைத் தூங்கவிடவில்லை. இப்போது என்னையும் விடவில்லை.

நான் டயரி எழுதுகிறவன். எந்த பஸ் வரவில்லை, மெஸ்ஸில் என்ன போட்டார்கள் என்பதைத் தாண்டி அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. இது அதில் அடங்கவில்லை. கதையாக எழுதினால் அடங்குமா என்று பார்க்கிறேன். ஆனால் கதை என்றால் முடிவு தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? இதன் முடிவு இன்னும் நடக்கவில்லை. வியாழக்கிழமை மஸ்கட் ஏஜென்ட் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். நான் இதை எழுதுவது புதன்கிழமை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். அடித்தவற்றையும் அப்படியே விட்டுவைக்கிறேன்.

"ஓசூர் ரோட்டில் வண்டிகள் நகராமல் நின்ற ஒரு மாலையில்—" (வேண்டாம். அங்கே வண்டிகள் நகர்ந்த மாலை எது?)

"சிறு வயதிலிருந்தே சுனிதாவுக்கு இசை என்றால்—" (பொய். சிறு வயதில் அவளுக்குப் பிடித்தது கேரம் போர்டு. கிதாரைத் தொட்டதே வேலைக்குப் போன பிறகுதான்.)

"கிதார் பேசியது." (இதை எழுதியவனை நான் மன்னிக்கத் தயாரில்லை. அது நான்தான் என்றாலும்.)

நேராகவே சொல்லிவிடலாம்.

3

சுனிதா பெங்களூரில், அல்சூரில் இருக்கிறாள். பகலில் பொம்மனஹள்ளியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. காலர் கோணலா, பொத்தான் தளர்வா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளுவது. வார இறுதிகளில் கிளாரன்ஸின் குழுவில் எலெக்ட்ரிக் கிதார். கிளாரன்ஸ் பிரேசர் டவுன்காரர், ஐம்பதைத் தாண்டியவர், பேஸ் கிதார் வாசிப்பார். குழுவும் அவருடையது, அதட்டலும் அவருடையது. அவருடைய தங்கை மௌரீன் பாடுவாள். டிரம்ஸ், நம் ரவிக்குமார்.

மஸ்கட்டில் ஒரு ஹோட்டல். நீச்சல் குளத்தின் பக்கத்தில் திறந்தவெளி மேடை. ஆறு மாதம் தினமும் வாசிக்க நான்கு பேர் வேண்டும். ஆள் எடுக்கும் ஏஜென்ட் சிவசங்கரன், ஞாயிற்றுக்கிழமை பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியின் குடும்ப விழாவில் இவர்கள் வாசிப்பதைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. மூன்று பேர் ஏற்கெனவே தேர்வாகிவிட்டார்கள். கிதாருக்கு மட்டும் அவருக்குச் சந்தேகம். மஸ்கட்டிலேயே ஒருத்தன் இருக்கிறானாம். ஆகவே அன்று அவர் பார்க்க வந்தது சுனிதாவை.

அவளுக்கு இது எவ்வளவு வேண்டியிருந்தது என்று காட்ட ஒரு பத்தி எழுதினேன். அதில் குடும்பக் கஷ்டம் வந்தது. அடித்துவிட்டேன். ரவிக்குமாரிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஆறு மாசம், டெய்லி வாசிக்கலாம்டா. டெய்லி!"

4

அன்று அவள் ஆம்ப்ளிஃபயர் கொண்டுவரவில்லை. கேன்டோன்மென்ட் பக்கம் ஒருவரிடம் பழையதாக வாங்கிய மாடலர் பெட்டி ஒன்றைக் காலடியில் வைத்திருந்தாள்.* காதுகளில், அடைப்பான் போல உள்ளே பொருந்திக்கொள்ளும் மானிட்டர்.

(* இதை எனக்கு விளக்க ரவிக்குமாருக்கு ஒரு வகுப்பு முழுவதும் ஆனது. பெரிய ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியைக் கணக்குப் போட்டு நகல் செய்யும் பெட்டி அது. கிதார் ஒலி அதிலிருந்து கம்பி வழியாக நேரே மிக்ஸருக்குப் போகும். அங்கே இரண்டாகப் பிரியும். ஒன்று கூட்டத்துக்கு, பெரிய ஸ்பீக்கர் வழியாக. மற்றது வாசிப்பவரின் காதுக்கு. மேடையில் கிதார் தனியாக ஒலிக்காது. உங்களுக்குப் புரிந்தால் சரி. எனக்கு இரண்டாம் தடவைதான் புரிந்தது.)

கிளாரன்ஸுக்கு அந்தப் பெட்டியைப் பார்த்தாலே பிடிக்கவில்லை.

"ஓப்பன் ஏர்ல ஆம்ப் இல்லாம வாசிக்கிறதா? என்னம்மா இது, கால்ல எடை பார்க்கற மெஷினு?"

"போன ஷோவுல ஆம்பைத் தூக்கிட்டு மாடி ஏறினது யாரு அங்கிள்? நீங்களா?"

"நான் ஹார்ட் பேஷன்ட்மா."

"அது ஆம்பைப் பார்த்தா மட்டும் வரும்," என்றாள் மௌரீன், மைக்கில். புல்வெளியில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

காது மானிட்டர் குழுவில் இரண்டு ஜோடிதான். ஒன்று சுனிதாவுக்கு, ஒன்று தாள எண்ணிக்கையின் டிக் டிக் ஒலி தேவைப்படும் ரவிக்குமாருக்கு. மற்ற இருவருக்கும் தரையில் வைத்த ஸ்பீக்கர். அதில் கிதார் வேண்டாம் என்று கிளாரன்ஸே சொல்லிவிட்டார்: "அவ பெட்டி சத்தம் அவளோடவே இருக்கட்டும்." புல்வெளியின் மறுகோடியில் மிக்ஸருக்குப் பின்னால் ஆதிகேசவன், ஒலி பார்ப்பவர், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

5

இனி வருவதுதான் எனக்குக் கஷ்டம். நான் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை. ஏன் என்று பார்ப்பீர்கள்.

சாப்பாட்டு வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. நாலாவது பாட்டின் நடுவில் சுனிதா தனியாக வாசிக்க வேண்டிய இடம். சிவசங்கரன் முன்வரிசையில், கையில் தட்டுடன். சுனிதா பெட்டியில் ஒரு பித்தானைக் காலால் அழுத்தினாள். கண்ணை மூடினாள்.

காதுக்குள் வேறு உலகம் எதுவும் இல்லை. காற்று இல்லை, குழந்தைகள் கத்துவது இல்லை. முதல் சுரத்தை அவள் இழுத்துப் பிடித்தாள். அது அவள் நினைத்த இடத்தில் போய் நின்றது. வழக்கமாக அவள் விரல் தடுமாறும் திருப்பம் ஒன்று உண்டு. அன்று அது வந்ததே தெரியவில்லை. அதைத் தாண்டிய பிறகு, ஒத்திகையில் இல்லாத ஒரு வழியில் கை போனது. அந்த வழி—

(இங்கே இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். அருவி, பறவை, மின்னல் எல்லாம் வந்துவிட்டன. கேட்காத ஒன்றை எப்படி எழுதுவது? சுனிதா இதைப் பற்றி ரவிக்குமாரிடம் சொன்னது ஒரே வரி: "இப்படி நான் வாசிச்சதே இல்லடா." நீங்களும் இந்த வரியை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.)

அதற்குச் சற்று முன்பு தூறல் விழுந்திருந்தது. பெங்களூர்க்காரர்கள் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றார்கள். ஆதிகேசவன் நீலத் தார்ப்பாயை இழுத்து மிக்ஸரை மூடினார். மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். தார்ப்பாயின் ஓரம், கிதாரைக் கூட்டத்துக்கு அனுப்பும் ஃபேடர் குமிழை அடிவரை இழுத்துக்கொண்டு போனது. காதுக்குப் போகும் பிரிவை அது தொடவில்லை. அவள் காதில் எல்லாம் சரியாக இருந்தது.

வெளியே பேஸும் டிரம்ஸும் மட்டும்.

கிளாரன்ஸ் கூட்டத்துப் பக்கமிருந்து கிதார் வராததைக் கவனித்தார். தலையை ஆட்டினார், காலால் தரையைத் தட்டினார், "ஏய்!" என்றார். அவள் கண் மூடியிருந்தது, காதும்தான். கடைசியில் அவர் வேறு வழியில்லாமல் பேஸை மெதுவாகக் குறைத்து வாசித்தார். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு, உடம்பெல்லாம் ஆட, விரல் பறக்க, ஒரு சத்தமும் இல்லாமல் வாசிக்கிறாள். முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு சாப்பாட்டு வரிசை நின்றது.

அவள் முடித்து, ஒரு காதிலிருந்து மானிட்டரைப் பிடுங்கியபோது கைத்தட்டல் அவள்மேல் கொட்டியது.

6

இங்கே ஒரு வில்லன் இருந்தால் எழுதச் சுலபம். கிளாரன்ஸ் ஆதிகேசவனுக்குக் கண்ணைக் காட்டினார், ஃபேடர் இறங்கியது என்று ஒரு வடிவம் எழுதியும் பார்த்தேன். நன்றாகவே வந்தது. ஆனால் அவர் அன்று மாலை தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவளுடைய பெட்டி நனையாமல் மூடியிருக்கிறார். அந்த ஜாக்கெட்டை என்னால் கதையை விட்டு எடுக்க முடியவில்லை. வில்லனை எடுத்துவிட்டேன்.

7

சிவசங்கரன் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"பிரமாதம்மா. சத்தமே இல்லாம வாசிச்சீங்களே, அது! சாப்புடுறதை விட்டுட்டுப் பார்த்தாங்க எல்லாரும்."

"எது சார் சத்தமில்லாம?"

கிளாரன்ஸ் இருமினார். "அது நம்ம ஐட்டம் சார். ரொம்ப நாளா ப்ளான்ல இருந்தது."

"சத்தமில்லாமலா?" சுனிதா கிளாரன்ஸைப் பார்த்தாள். அவர் ஷூவைப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"அதை அங்கே டெய்லி வெச்சிருங்க," என்றார் சிவசங்கரன். "பூல் பக்கத்துல சத்தம் ஜாஸ்தின்னு எப்பவும் கம்ப்ளெயின்ட். இது பாருங்க, சத்தமும் இல்ல, ஷோவும் ஆச்சு. அப்படின்னா நாலு டிக்கெட். வெறும் கிதார்தான்னா எங்களுக்கு அங்கேயே ஆள் இருக்கான்."

சுனிதா ரவிக்குமாரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். மேடையில் காது மானிட்டர் போட்டிருந்த இன்னொரு ஆள் அவன்தான்.

"நீ கேட்டே இல்ல?"

"கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"சூப்பர்."

"சும்னே பொய் சொல்லாதே."

"ஐயோ, சத்தியமா. செம்மயா இருந்துச்சு."

அவள் மிக்ஸர் பக்கம் போய்த் தன் கம்பியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு திரும்பினாள். பிறகு சிவசங்கரனிடம் சொன்னாள்: "சார், வரேன். ஆனா சத்தத்தோடதான் வாசிப்பேன். சும்மா விரலாட்டுற ஆள் வேணும்னா நான் இல்ல."

"என்னம்மா நீ," என்று கிளாரன்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "வாயில வெச்ச லட்டைத் துப்புறே."

சிவசங்கரன் கோபப்படவில்லை. "யோசிச்சு வியாழக்கிழமை கூப்பிடறேன். அதுக்குள்ள மனசு மாறினா நீயே கூப்பிடும்மா," என்று தன் கார்டைக் கொடுத்தார்.

8

திங்கட்கிழமை ரவிக்குமார் இவ்வளவுதான் சொன்னான். நானும் மூன்று முடிவுகள் தயார் செய்தேன்.

அ) வியாழன் போன் வருகிறது. சத்தத்தோடு வா என்கிறார். (இனிப்பு ஜாஸ்தி.)

ஆ) போன் வரவில்லை. அவள் வெள்ளிக்கிழமை மறுபடி காலர் பார்க்கிறாள், தலை நிமிர்ந்து. (தலை நிமிர்வது எழுதுகிறவனுக்கு இலவசம். காலர் பார்ப்பது அவள்.)

இ) அவளே கூப்பிட்டுச் சம்மதிக்கிறாள். தினமும் இரவில் ஊமையாக வாசிக்கிறாள், அவள் காதுக்கு மட்டும் கேட்கிறது. (இது எனக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பிடித்தது என்பதாலேயே சந்தேகம்.)

இன்று டீ இடைவேளையில் இவற்றை ரவிக்குமாரிடம் படித்துக் காட்டினேன். அவன் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"மச்சா, நான் அதைக் கேக்கல."

"எதை?"

"அவ வாசிச்சதை. என் காதுல டிக் டிக்கும் பேஸும் மௌரீன் குரலும் மட்டும்தான். கிதார் குழப்புதுன்னு நான்தான் எடுக்கச் சொன்னேன். அவ மூஞ்சியைப் பார்த்தேன். வேற என்ன சொல்றது? கேட்டேன்னுட்டேன்."

"அதை நம்பித்தான அவ—"

"அதான்டா. இப்ப சொன்னா, அவ இன்னிக்கே அந்தாளைக் கூப்பிட்டு சரின்னு சொல்லிடலாம் இல்ல? நாளைக்குன்னா லேட்டு. சொல்லட்டுமா? நீதான் கதை எழுதுறவன், சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. சொன்னால் அவளுக்கு மஸ்கட் கிடைக்கலாம். ஆனால் அவள் வாசித்த மிகச் சிறந்ததை ஒருவர்கூடக் கேட்கவில்லை என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால், இந்தக் கதை அச்சாகி அவள் படிக்கும் நாளில் தெரியும். அப்போது மஸ்கட்டும் இருக்காது. "இன்னொரு டீ சொல்லட்டுமா?" என்றேன். ஒரு எழுத்தாளனின் ஆலோசனை இவ்வளவுதான்.

அவன் கடையின் சிவப்பு நாணய போனுக்குப் போனான்.

9

போன் கடையின் வாசலில் இருந்தது, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. நான் அவன் பக்கத்தில் நின்றேன். அவன் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. அவள் பேசியதற்கு அடைப்புக்குறி போட்டு இடம் விட்டிருக்கிறேன்.

"சுனிதா, நான்தான்."

[                    ]

"இல்ல, மஸ்கட் விஷயம் கேக்கல. ஒண்ணு சொல்லணும். திட்டாம கேளு."

[                    ]

"அன்னிக்கு நீ வாசிச்சதைக் கேட்டேன்னு சொன்னேன்ல. நான் கேக்கல. என் மானிட்டர்ல நீ இல்லவே இல்ல."

[                    ]

"ஹலோ? லைன்ல இருக்கியா?"

[                    ]

"தெரியுமா? எப்படித் தெரியும்?"

[                    ]

"ஓ. மிக்ஸர்ல என் காதுக்கு கிதார் அனுப்புற குமிழ் அடியில இருந்ததைப் பார்த்தியா. எப்போ, கம்பி எடுக்கப் போனப்பவா?"

[                    ]

"அப்ப அந்தாளுகிட்டப் பேசறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியும். யாருமே கேக்கலன்னு தெரிஞ்சும் ஏன் அப்படிச் சொன்னே?"

[                    ]

இந்தக் கடைசி இடத்தில் எதை எழுதினாலும் என் குரல்தான் வருகிறது. நான்கு தடவை முயன்று அழித்துவிட்டேன். காகிதம் அந்த இடத்தில் மெலிந்துபோயிருக்கிறது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உதவிக்கு நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். சிவாஜிநகர் பஸ் ஒன்று வந்து, ஆட்களை இறக்கி, ஏற்றி, புகை விட்டுக்கொண்டு கிளம்பிப் போனது. அதுவரை அவள் பேசிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ரவிக்குமார் ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. பஸ் சத்தத்தில் ஒரு வார்த்தையும் தவறிவிடாமலிருக்க, மற்ற காதைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றான்.