மொட்டைக்கழுத்தன் வம்சம்

ஒன்பது முட்டை. பத்தாவது இனிமேல் வராது. கறுப்பி இன்னும் நூறு முட்டை இடுவாள், அது வேறு விஷயம். சேவல் போய்விட்டது.

மாசி மாதத்தில் ஒரு தெருநாய் சந்துக்குள் புகுந்து, பட்டப்பகலில், கறுப்பியின் கண்ணெதிரே மொட்டைக்கழுத்தனைக் குதறிப் போட்டது. கழுத்தில் ஒரு மயிர்கூட இல்லாத செக்கச்செவேலென்ற சேவல். பார்க்கிறவர்கள் சீக்குக் கோழி என்பார்கள். பிள்ளையார்பாளையத்தில் இதைப்போல் இன்னொன்று காட்டு என்பார் அதை வளர்த்த கலியன். ஒருத்தரும் காட்டியதில்லை. அது செத்த பிறகு பத்துப் பன்னிரண்டு நாளில் கறுப்பி இட்டது இந்த ஒன்பது. சேவலின் வித்து தங்கியிருந்தால் இதற்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவ்வளவுதான்.

நல்லவேளையாகக் கறுப்பி அடைக்கு உட்கார்ந்துவிட்டாள். கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு உறுமினாள்.

முனையில் கோழிக்கடை வைத்திருக்கும் ஜாஃபர் கேள்விப்பட்டு வந்தார். அவரிடம் குஞ்சு பொரிக்கும் மின்சாரப் பெட்டி ஒன்று இருந்தது.

"பெருசு, முட்டைய எங்கிட்ட குடு. பெட்டியில வெச்சா அது பாட்டுக்குப் பொரிஞ்சிடும்."

"உன் பெட்டியில நூறு முட்டை இருக்குது. என்னுது எது, ஊரான்து எதுன்னு நான் எப்டி நம்பறது?"

"பேரு எழுதி வெக்கறேன்பா."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும். அதான் எழுதறேன்றே."

ஜாஃபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சேவல் செத்தப்புறம் போட்ட முட்டை. வெயில் காலம் வேற. உன் கோழி இத்தப் பொரிச்சிச்சின்னா, உன் வாசல்ல வந்து நானே சேவலாட்டம் கூவறேன்."

"சத்தமா கூவணும் பாய்."

"தெருவே கேக்கறாப்பல."

கலியன் கூடையில் மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பினார். இடிக்கு முட்டை கலங்காமல் இருக்க ஓர் இரும்பு ஆணியும் அடுப்புக்கரியும் ஓரத்தில் செருகினார். முட்டை ஒவ்வொன்றிலும் கரியால் மூன்று கோடு இழுத்தார். யாராவது மாற்றி வைத்தால் தெரிய வேண்டும். யார் வந்து மாற்றப்போகிறார்கள்? ஆனாலும் இழுத்தார்.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. கறுப்பி தேர்ந்தெடுத்த மூலை, வீட்டுக்காரர் மாணிக்கவாசகத்தின் தறிக்கூடத்தை ஒட்டிய சுவரோரம். சுவருக்கு அந்தப்பக்கம் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை பட்டுத்தறி ஓடும். கூடையை இரண்டு முறை வேறு இடத்துக்கு மாற்றினார். இரண்டு முறையும் கறுப்பி வெறும் தரைக்கே திரும்பி வந்து, அதே மூலையில் உட்கார்ந்தாள்.

கலியன் போய்ச் சுவரைத் தட்டினார். "மாணிக்கம், இருபத்தோரு நாளிக்குத் தறிய நிறுத்து. அதிர்ச்சியில முட்டை கூழாப் பூடும்."

"நிறுத்திட்டா எங்களுக்கு யாருண்ணா சோறு போடறது, உன் கோழியா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. பின்னாலேயே தறியின் பலகை அடிக்கும் சத்தமும் வந்தது.

இந்தச் சத்தத்தோடு அவருக்குப் பத்து வருஷச் சண்டை. குடிவந்த நாளிலிருந்து திட்டாத நாளில்லை. கூடையைக் கறுப்பியின் மூலைக்கே திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

பன்னிரண்டு நாள் கறுப்பி அசையவில்லை. காலையில் ஒரு தரம் எழுந்து, தின்று, குடித்து, புழுதியில் புரண்டுவிட்டுத் திரும்பிவிடுவாள்.

பதின்மூன்றாம் நாள் பங்குனி அமாவாசை. கலியன் டீ குடித்துவிட்டு வந்தபோது கறுப்பி மதில்மேல் நின்று கத்திக்கொண்டிருந்தாள். கூடையில் முட்டைகள் திறந்து கிடந்தன. ஒன்றை எடுத்துக் கண் இமையில் வைத்துப் பார்த்தார். சூடு இறங்கத் தொடங்கியிருந்தது.

முதலில் ஜாஃபரைத்தான் சந்தேகப்பட்டார். கோடுகளை எண்ணினார், எல்லாம் சரியாக இருந்தன. கோழிப்பேன் ஏறியிருக்குமோ என்று வெள்ளைத் துணியை வைக்கோல்மேல் போட்டு எடுத்தார். ஒரு பேனும் இல்லை. கறுப்பியைப் பிடித்து வந்து உட்கார வைத்தார். உட்கார்ந்தாள். தெருக்கோடியில் ஒரு நாய் குரைத்தது. துள்ளி எழுந்து பறந்துவிட்டாள். மறுபடி பிடித்தார், மறுபடி குரைப்பு, மறுபடி மதில்.

நாய் தினமும்தானே குரைக்கிறது? கலியன் ஒரு கம்பளியை முட்டைமேல் போர்த்திவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். தூரத்தில் ஒரு குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது. மூன்றாம் வீட்டில் யாரோ இருமியது கேட்டது.

அமாவாசை. தெரு முழுக்க ஒரு தறியும் ஓடவில்லை. மற்ற நாளில் பகலெல்லாம் அந்தச் சத்தம் நாய்க்குரைப்பை முழுங்கிவிடுகிறது; இருட்டிவிட்டால் கோழி இருந்த இடத்தைவிட்டு அசையாது. இன்று அவள் காதில் நாய் மட்டும்தான் விழுகிறது. சேவலைக் கடித்த நாய்.

இனிப் போய்க் கேட்டாக வேண்டும். அதுவும் மாணிக்கத்திடம்.

மாணிக்கவாசகம் படையலுக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தார். கலியன் வாசலிலேயே நின்றார்.

"மாணிக்கம், கொஞ்சம் தறி அடியேன்."

"இன்னா?"

"தறி. கொஞ்ச நேரம் அடி."

உள்ளிருந்து அவர் மனைவி கிருஷ்ணவேணி வந்தாள். "பத்து வருசமா நிறுத்து நிறுத்துன்னு கத்தின வாயா அண்ணா இது?"

கலியன் விஷயத்தைச் சொன்னார். மாணிக்கவாசகம் யோசித்துவிட்டு, முடியாது என்று தலையாட்டினார். "அமாவாசையில தறிய தொடமாட்டேண்ணா. எங்கப்பா தொடல, நானும் தொடமாட்டேன். வேற எது வேணா கேளு."

கலியன் திரும்பினார். வீட்டில் கிடந்த பலகையைச் சுவரோரம் போட்டு, உலக்கையால் தானே அடிக்கத் தொடங்கினார். கறுப்பி கூடை ஓரத்தில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. அடித்தார், அடித்தார், தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து மாணிக்கவாசகத்தின் குரல் வந்தது. "அண்ணா, இன்னா அது? தறியா, கட்டடம் இடிக்கறியா?"

"தறிதான்."

"கஷ்டகாலம். பத்து வருசம் கேட்டுக்கினு இருந்தும் ஒரு வரிசை மனசுல நிக்கலியா? மிதி, நாடா, அப்புறம் ரெண்டு அடி. நடுவுல மூச்சு விடணும்."

கலியன் மறுபடி அடித்தார். இன்னும் மோசமாக இருந்தது.

"நிறுத்து, நிறுத்து. கேக்க முடியல."

சற்று நேரத்தில் மாணிக்கவாசகம் உள்ளே வந்து உலக்கையைப் பிடுங்கினார். "தறியதான் தொடக்கூடாது. பலகையில ஒண்ணும் குத்தமில்ல." சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். மிதிக்குக் காலால் தரையில் ஒரு தட்டு, நாடா ஓடுவதற்கு நாக்கால் ஒரு சொடுக்கு, பலகையில் இரண்டு அடி. அசல் தறி.

கறுப்பி கூடைக்குள் இறங்கினாள். கம்பளியைக் கலியன் மெல்ல உருவினார். அவள் அலகால் முட்டைகளை உருட்டி அடியில் சேர்த்து, இறக்கையை விரித்துப் படிந்தாள். கோடியில் நாய் குரைத்தது. அவள் தலை திரும்பவில்லை.

பொழுது சாயும்வரை அடித்தார்கள். படையல் போட மாணிக்கவாசகம் போனபோது கிருஷ்ணவேணி வந்து அடித்தாள். அவள் கை இன்னும் சுத்தமாக இருந்தது. கலியன் அதை மனதுக்குள் ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஆறிப்போன முட்டை ஆறிப்போனதுதானே? பதினெட்டாம் நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டைகளை மிதக்கவிட்டார். உயிர் இருந்தால் ஆடும். எட்டு முட்டை தூக்கித் தூக்கி ஆடின. ஒன்று சும்மா கிடந்தது. தண்ணீரை அவர்தான் ஆட்டினாரோ என்று அவருக்கே அவர்மேல் சந்தேகம். கையைக் கட்டிக்கொண்டு நின்று இன்னொரு தரம் பார்த்தார். ஆடின.

இருபத்தோராம் நாள் ஒன்றும் இல்லை. ஜாஃபர் வந்து எட்டிப் பார்த்தார். "நாள் ஆயிப்போச்சு பெருசு. மனச தேத்திக்கோ."

"ஒரு நாள் ஆறிச்சு. ஒரு நாள் லேட்டா வரும்."

"பஸ்ஸா அது, லேட்டா வர?"

கலியன் ஒரு முட்டையை எடுத்து ஜாஃபரின் காதில் வைத்தார். ஜாஃபரின் சிரிப்பு மெதுவாக நின்றது. உள்ளே ஏதோ தட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை முதல் ஓட்டில் விரிசல் விழுந்தது. மதியத்துக்குள் எட்டுக் குஞ்சு. ஈரம் காய்ந்ததும் கலியன் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழுத்தைத் தடவினார். பஞ்சு, பஞ்சு, வெறும் தோல். வெறும் தோல். பஞ்சு. வெறும் தோல். கடைசி இரண்டும் வெறும் தோல். எட்டில் ஐந்துக்குக் கழுத்து மொட்டை.

"ஐஞ்சு," என்றார் உரக்க. யாரும் கேட்கவில்லை. வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து இன்னொரு தரம் சொன்னார். "ஐஞ்சு."

ஜாஃபர் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்தார். குனிந்து குஞ்சுகளைப் பார்த்தார். ஒன்றைத் தூக்கி அந்தச் சிவந்த கழுத்தை விரலால் தொட்டார். "அப்படியே அப்பன்," என்றார்.

"கூவு."

"ஜனம் பாக்குதுபா."

"அதுக்குத்தான்."

ஜாஃபர் வாசலில் நின்று, கையை வாயருகே குவித்து, தெரு அதிரக் கூவினார். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. சுவருக்கு அந்தப்பக்கம் தறி நின்றது, அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கடசியில இழுவ பத்தல. இன்னொரு வாட்டி," என்றார் கலியன்.

ஜாஃபர் மறுபடி கூவினார். இந்த முறை எங்கிருந்தோ ஒரு நிஜச் சேவல் பதில் கொடுத்தது. அந்தச் சந்தடியில் தெருநாய் குரைத்தது. கறுப்பி விறைத்து எழுந்தாள், குஞ்சுகள் சிதறின.

கலியன் ஓடிப்போய் உள்ளங்கையால் சுவரில் அறைந்தார்.

"மாணிக்கம், எவன்டா உன்ன நிறுத்தச் சொன்னது? அடி."