சேடை ஓட்டிய நெஞ்சு

சொக்கம்மாள் டிராக்டரைக் கிளப்பினால் காவாந்தண்டலம் ஏரிக் கொக்குகள் பாலாற்றைத் தாண்டிப் போய்த்தான் மூச்சு விடும். அப்பேர்ப்பட்டவளை ஒரு படம் கட்டிலில் சாய்த்துவிட்டது.

கோடையில் அவளுக்கு இதயம் தாளம் தப்பித் துடித்தது. சென்னையில் தொடை வழியாகக் கம்பி விட்டு, உள்ளே சூடு வைத்துச் சரிசெய்தார்கள். அப்புறம் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் நிஷா, "மேல் அறை வீங்கியிருக்கும்மா, தழும்பும் நிறைய இருக்கு. மறுபடி வர வாய்ப்பு அதிகம். மாத்திரையை விட்டுடாதீங்க. தலை சுத்தாத வரைக்கும் டிராக்டர் ஓட்டலாம்" என்றார்.

கணவன் ராஜாராமின் காதில் முதல் பாதிதான் ஏறியது. 'வரலாம்' என்றது ஊர் எல்லையைத் தொடுவதற்குள் 'வந்துவிட்டது' ஆயிற்று. விசாரிக்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன ஹார்லிக்ஸ் பாட்டில்களைக் கொண்டு ஏரிக்கு இன்னொரு கரையே கட்டியிருக்கலாம். சாவியை ஒளித்துவைத்த ராஜாராம், டிராக்டரை விற்றே தீருவதென்று பழைய வண்டி வாங்கும் வாலாஜாபாத் வெங்கடேசனை வரச்சொல்லிவிட்டான்.

அன்று அவள் நெஞ்சில் ஹோல்ட்டர் ஒட்டியிருந்தது. நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் குட்டிப் பெட்டி; நெஞ்சில் ஏதாவது தெரிந்தால் அழுத்த அதில் ஒரு பட்டன். வழக்கமான வேலையைச் செய்யச் சொல்லித்தான் மாட்டி அனுப்பியிருந்தார்கள்.

"படுத்துக்கினே கீறேன். இது கட்டிலோட துடிப்பத்தான்யா எழுதும்!"

"எழுதட்டும். நீ அசையாத, சொக்கு."

வெங்கடேசன் வந்தார். இன்ஜின் சத்தம் கேட்க வேண்டும் என்றார். ராஜாராம் அரிசிப் பானையிலிருந்து சாவியை எடுத்துக் கிளப்பியதுதான் தாமதம், புடவைமேல் அவனுடைய சட்டையை மாட்டிக்கொண்டு, பெட்டியை பாலிதீன் கவரில் சுற்றிக்கொண்டு சொக்கம்மாள் எதிரில் நின்றாள்.

"எறங்குயா."

"அடியே, டாக்டரு இன்னா சொன்னாங்க..."

"ஓட்டலாம்னு சொன்னாங்க. உனக்குத்தான் அதுக்குள்ள காது அடைச்சிக்கிச்சே! வெங்கடேசண்ணே, நின்னு சத்தம் கேட்டா போதுமா? சேத்துல எப்டி இழுக்குதுன்னு பாருண்ணே."

சேற்றில் புதையாமல் இருக்க கேஜ்வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர் தண்ணீர் கட்டிய கழனியில் இறங்கியது. நடவுக்குச் சேற்றைக் குழைத்து அவள் வளைத்துச் சேடை ஓட்டிய வேகத்தில் போகிற மேகமெல்லாம் சேறாயிற்று. வரப்பில் நின்ற வெங்கடேசனுக்குத் தன் வேட்டியின் நிறமே மறந்துபோயிற்று.

நடுக்கழனியில் நெஞ்சு ஒருமுறை துள்ளியது. இன்ஜினை நிறுத்திவிட்டு, பெட்டியின் பட்டனை அழுத்தினாள். ராஜாராம் சேற்றில் விழுந்து எழுந்து ஓடிவந்தான்.

"இன்னா பண்ணுது?"

"சும்மா இரு. தலை சுத்துதான்னு பாத்துக்கினு கீறேன்."

சுற்றவில்லை. கிளப்பினாள். மிச்சக் கழனியையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

மறுநாள் டாக்டர் நிஷா பதிவைப் பார்த்தார். "பட்டன் அழுத்தின இடத்துல ஒரே ஒரு துடிப்பு முந்தியிருக்கு. அவ்வளவுதான், பழைய கோளாறு இல்லை. ஆனா படம் சொன்னது மாறலைம்மா. பின்னாடி வரலாம்."

"வரட்டும் டாக்டரம்மா. மழ வரும்னு டிவில சொன்னா வரப்ப ஒசத்துவோம். கழனிய வித்துடுவோமா?"

ராஜாராம் வெளியே போய் வெங்கடேசனுக்கு போன் போட்டான். "வண்டி இல்லண்ணே. ஓட்டுறவங்க குடுக்க மாட்றாங்க."

சாவி இப்போது அவள் இடுப்பில். அரிசிப் பானையில் மாத்திரை டப்பா இருக்கிறது. உலைக்கு அரிசி அள்ளும்போதெல்லாம் கையில் தட்டும்.