மண்டோர் தங்கராஜுவின் வலக்கன்னம்

ஜொகூர்த் தண்ணீர்தான் தன்னைக் கொல்கிறது என்று மண்டோர் தங்கராஜு முடிவு கட்டிவிட்டார். மலாயாவில் ஆயர் ஈத்தாம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் கங்காணி அவர்; அதட்டினால் ஆள் நடுங்கும். அப்பேர்ப்பட்டவரின் இடக்கன்னத்து உட்புறத்தில் வெள்ளையாய் ஒரு புண். மிளகாய் பட்டால் உயிர் போய் உயிர் வந்தது. பக்கத்து லயத்து வரிசைவீட்டு லெட்சுமணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. புற்று என்றார்கள், போய்ச் சேர்ந்துவிட்டான்.

"நம்ம ஊர்ல யாருக்குடி இந்த நோவு வந்துச்சு? எல்லாம் இந்த மண்ணு, இந்தத் தண்ணி!" என்று மனைவி பேச்சியம்மாளிடம் கத்தினார்.

"உங்க பெரியப்பா எதுல போனாராம்?"

"அது வயசு!"

அன்றிலிருந்து ஒரே வைராக்கியம். அரிசி, புளி, உப்பு எல்லாம் நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்ததாக இருக்க வேண்டும். தோட்டத்துப் பப்பாளியைக்கூடப் பகையாளியாகப் பார்த்தார். புகையிலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சுத்தமான ஊர்ச் சரக்கு. புண்ணுக்கு இதமாக இருக்கட்டுமென்று இன்னும் ஒரு துண்டு கூடுதலாக அடக்கிக்கொண்டார் அந்த மகானுபாவர். தூக்கத்திலும் அது கன்னத்திலேயே கிடந்தது.

புண் பெரிதானது. "நான் மட்டும் கப்பலேறி ஊருக்குப் போறேன். பிழைச்சா உன்னைக் கூப்பிடுறேன்" என்றார்.

"பிழைக்கலைன்னா யாரு கூப்பிடுவா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சியம்மாள் அவரைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் சோமசேகரம் யாழ்ப்பாணத்துக்காரர். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். மண்டோர் தண்ணீரைக் குற்றம் சொன்னார்.

"இதே தண்ணியைத்தான் சீனர் குடிக்கினம், நானும் குடிக்கிறன். எங்களுக்கு ஒண்டுமில்லை. புகையிலையை எந்தப் பக்கம் அடக்கிறனீர்?"

"இடது பக்கங்க."

"புண்?"

மண்டோரின் கை இடக்கன்னத்துக்குப் போனது.

"இண்டையோட புகையிலையை விட்டுவிடும் காணும். இது இன்னும் புற்றாகேல்லை. விடாட்டில் ஆகும்."

அவர் சொன்னது மண்டோருக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் ஆசை யாரை விட்டது? இடக்கன்னம்தானே கெட்டது, வலக்கன்னம் என்ன பாவம் செய்தது என்று யோசித்தார். அன்று மாலையே புகையிலை வலப்பக்கம் குடியேறியது.

சில மாதங்களில் இடப்பக்கம் ஆறிவிட்டது. மண்டோர் மீசையை முறுக்கிக்கொண்டு, தோட்டமெல்லாம் பெருமை பேசினார். அப்புறம் ஒருநாள் ரசம் குடிக்கையில் வலப்பக்கம் சுரீரென்றது. பேச்சியம்மாள் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். அங்கே அதே வெள்ளை.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அட பாவி மனுசா! கப்பலேறினா மட்டும் இது உங்களை விட்டுருமா? வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு எந்தச் சீமைக்குப் போனா என்ன?" புகையிலைப் பொட்டலத்தை எடுத்து அடுப்பில் போட்டாள்.

மண்டோர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். "அடியே, ஊர்லேருந்து எனக்குன்னு வந்தது அது ஒண்ணுதாண்டி!"

"அப்போ நான் எங்கேருந்து வந்தேன்?" என்றாள் பேச்சியம்மாள்.

அவர் வாயைத் திறந்தார். சொல்ல ஒன்றுமில்லை, அடக்கிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. மூடிக்கொண்டார்.