சவ வண்டிக்கு அடுத்த கார்

வெண்டி தேநீருடன் வந்தபோது அவள் தம்பி க்ளைவ் பச்சை வண்டியின் முகப்பில் கறுப்பு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கிளப்பவே அவனுக்குக் காலை முழுவதும் ஆகியிருந்தது. ஷெட் முழுக்கப் புகை.

கோப்பையை நீட்டப் போனவள் வாசலைப் பார்த்தாள்.

"வெள்ளி வண்டி எங்கடா?"

"பின் சந்துல விட்டிருக்கேன். குப்பைத் தொட்டிகிட்ட."

"ஏன்?"

"கிளப்காரங்க வராங்கல்ல அக்கா. வாசல்ல அது நின்னா நல்லாவா இருக்கும்?"

அவள் தேநீரைப் புல்லில் ஊற்றினாள்.

அப்பாவின் இறுதி ஊர்வலத்துக்கு ஏற்பாடு முடிந்திருந்தது. முதலில் சவ வண்டி. அதன் பின்னால் அப்பாவின் பச்சை ரோட்ஸ்டர், இரண்டே இருக்கை உள்ள பழைய திறந்த கார், க்ளைவ் ஓட்ட, பக்கத்து இருக்கை காலியாக. பிறகு அப்பா இருந்த பழைய கார் கிளப்பின் வண்டிகள், மழை பெய்தாலும் கூரை திறந்தபடி. கிளப்பில் யார் செத்தாலும் அப்படித்தான். தலைவர் டெஸ்மண்ட் போனில் சொன்னார், க்ளைவ் சரி என்றான். வெண்டியை யாரும் கேட்கவில்லை.

க்ளைவ் பிரிஸ்டலில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வருவான், சில வருடம் ஈஸ்டருக்கும். அவனுக்கு அப்பா என்றால் பச்சை வண்டியின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள்.

அதில் இடது கால் பக்கவாதத்தில் பாதி போய்விட்டது. பச்சை வண்டியின் கிளட்சை மிதிப்பது சுவரைத் தள்ளுவது மாதிரி. அப்பா லெஸ்லி சில நாள் முயன்றார். பிறகு வண்டிமேல் துணியைப் போர்த்திவிட்டு, ஜப்பான்காரர்கள் செய்த, வெள்ளி நிறச் சின்னத் திறந்த வண்டி ஒன்றை வாங்கி வந்தார். வெண்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து மால்வர்ன் மலையைச் சுற்றி ஓட்டினார். கிளட்ச் செருப்பு மாட்டுகிற மாதிரி இறங்குகிறது என்றார். கியர் இரண்டு விரலுக்கு விழுகிறது. பழசின் கூரையை மூட இரண்டு ஆளும் நிறையக் கெட்ட வார்த்தைகளும் வேண்டும். இதை சிக்னலில் நிற்கும்போதே ஒரு கையால் இழுத்து மூடிவிடலாம். பழசின் சத்தம் இதற்கு வராது, அதை ஒப்புக்கொண்டார். வெட்டிய புல்லின் வாசம் இரண்டிலும் ஒன்றுதான் என்றும் சொன்னார்.

"நாப்பது வருஷம் அதுக்கு அடியில படுத்துக் கிடந்தேன்," என்றார். "மேல உக்காந்தது கொஞ்ச நேரம்தான்."

அன்று அப்டன் பாலத்தில் எதிரே டெஸ்மண்டும் இன்னும் நாலு பேரும் வரிசையாக வந்தார்கள். பழைய ரோட்ஸ்டர்காரர்கள் வழியில் எதிர்ப்பட்டால் கையை உயர்த்துவார்கள். லெஸ்லி உயர்த்தினார். ஒருவரும் உயர்த்தவில்லை. எல்லாக் கூரையும் திறந்திருந்தது. முகம் தெரிகிற தூரம். உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் காதைச் சொறிந்துகொண்டார்.

கிளப் வண்டிகள் வந்து சாலையோரம் நின்றன. டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வெண்டி பின் சந்துக்குப் போனாள். வெள்ளி வண்டியைக் கொண்டுவந்து, சவ வண்டிக்கு விட்டிருந்த இடத்தை ஒட்டி நிறுத்தினாள். கூரையைத் திறந்தாள்.

டெஸ்மண்ட் அருகே வந்தார்.

"வெண்டிம்மா, இது கடைசில வரட்டுமே. அந்த எடம் லெஸ்லி வண்டிக்கு."

"இது லெஸ்லி வண்டிதான்."

"அதில்லம்மா. வரிசைக்குன்னு ஒண்ணு இருக்கில்ல. இது பார்லர்காரி வண்டி."

இந்த மாதிரி வண்டிகளுக்குக் கிளப்பில் வைத்திருந்த கேலிப்பெயர் அது. பின்னால் ஒருவர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வெண்டி லெட்பரியில் பார்லர் வைத்திருக்கிறாள். சிரித்தவரின் மனைவிக்கு முடி வெட்டுவதும் அவள்தான்.

"பார்லர்காரிதான் ஓட்டப் போறா."

க்ளைவ் ஷெட்டிலிருந்து ஓடிவந்தான். இன்றைக்கு வேண்டாம் என்று அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் உதறினாள். குரல் உயரவில்லை.

"அப்டன் பாலத்துல அவர் கையத் தூக்கினாரு. நீங்க ஒருத்தரும் தூக்கல."

டெஸ்மண்டுக்கு நினைவு வரக் கொஞ்ச நேரமானது.

"லெஸ்லின்னு தெரியலம்மா. நாங்க வண்டியத்தான் பாப்போம்."

"அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை கிளப் கூடுற பப்புக்கு இதுலதான வந்தாரு. அப்ப தெரிஞ்சுதுல்ல?"

அவர் தொப்பியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"புல்தரையில பழைய வண்டி மட்டும்தான், பின்னால குப்பைத் தொட்டிகிட்ட கொண்டுபோய் விடுன்னு சொன்னது யாரு?"

"அது ரூலும்மா. நானே புது வண்டில வந்தாலும் அங்கதான்."

"அவரால கிளட்ச மிதிக்க முடியல."

"சொல்லவே இல்லியே. கியர்பாக்ஸ் கழட்டிப் போட்டிருக்கேன்னுல்ல சொன்னாரு."

"உங்ககிட்ட வேற என்ன சொல்லுவாரு?"

டெஸ்மண்ட் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். க்ளைவ் யாரையும் பார்க்காமல் ஷெட்டுக்குத் திரும்பிப் போனான். அங்கே எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சவ வண்டி வந்து நின்றது. அம்மா வாசற்படி இறங்கி வந்தாள். இறந்தவரின் மனைவிக்கென்று சவ வண்டியோடு வந்திருந்த நீளமான கறுப்புக் காரைக் கடந்து, வெள்ளி வண்டியின் கதவைத் தானே திறந்து உட்கார்ந்தாள். தலையில் ஸ்கார்ஃபை இறுக்கிக்கொண்டாள்.

"கிளம்பு," என்றாள்.

ஈமச்சடங்குக்காரர் உயரத் தொப்பியும் கைத்தடியுமாக சவ வண்டிக்கு முன்னால் இறங்கி நடக்க ஆரம்பித்தார். தூறல் விழுந்தது. கண்ணாடியில் பச்சை வண்டி தெரிந்தது, பின்னால் மற்றவை. வெண்டி அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஆள் நடக்கிற வேகம். கிளட்சைப் பாதி மிதித்து, விட்டு, மறுபடி மிதித்துத்தான் போக வேண்டியிருந்தது. இடது குதிகாலை ஊன்ற இடம் தேடினாள். கிளட்சுக்குக் கீழே அப்பாவின் குதிகால் பட்டுப் பட்டு ஓரிடத்தில் தரைவிரிப்பு நூல் நூலாகப் போய், அடியிலிருந்த தகரம் பளபளத்தது. மற்ற இடமெல்லாம் புதிதாக இருந்தது.

"கால் வலிக்குதா?" என்றாள் அம்மா.

"இல்ல."

குதிகாலை அந்தத் தகரத்திலேயே வைத்து ஓட்டினாள்.