ஆறிலிருந்து இருபது வரை

ரக்ஷனாவின் ஆய்வுக்கு இருபது பெண்கள் தேவைப்பட்டார்கள். பிப்ரவரி பிறந்தபோது பதினேழு பேர்தான் தேறியிருந்தார்கள். மார்ச் கடைசிக்குள் கணக்கை முடிக்க வேண்டும், ஏப்ரலில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் பெண்களின் உடம்பு எப்படிக் களைக்கிறது, எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்பதுதான் ஆய்வு. மொன்றியால் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவள் உடற்பயிற்சி அறிவியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். சேலத்தில் இருக்கும் அவள் அம்மா மட்டும் யார் கேட்டாலும், "பி.டி. டீச்சருக்குப் படிக்கிறா" என்றே சொல்லிவந்தார். கல்லூரி நாட்களில் எண்ணூறு மீட்டரில் ஓடிப் பதக்கம் வாங்கியவள் ரக்ஷனா. இங்கே வந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது, ஒரு நாள்கூட ஓடவில்லை. வாரத்தில் ஐந்து நாள் வகுப்பும் ஆய்வுக்கூடமும், சனி ஞாயிறு ஒரு உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை. உடற்பயிற்சியைப் பற்றி நாள்தோறும் படித்தவளுக்கு, கோட்-டெ-நெய்ஜில் தங்கியிருந்த வீட்டின் மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் கால் கெஞ்சியது.

அந்த வட்டாரத்துத் தமிழ்க் கடையின் அறிவிப்புப் பலகையில் அவள் ஒட்டிவைத்த தாளைப் பார்த்துத்தான் புஷ்பராணி போன் செய்தார். ஐம்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருடம். ஒரு முதியோர் இல்லத்தில் நடக்க முடியாதவர்களைத் தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது அவர் வேலை. வரச் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, பனிச் சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு, பையில் கொண்டுவந்த வேறு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ஒப்புதல் படிவம் ஒன்பது பக்கம். ரக்ஷனா அதைப் பக்கம் பக்கமாகத் தமிழில் விளக்கினாள். "ஓம், ஓம்" என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

சோதனை எளிமையானதுதான். ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிளை மிதிக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மிதி கனமாகும். நெஞ்சில் கட்டிய பட்டை இதயத்துடிப்பைத் திரைக்கு அனுப்பும். அதே நேரத்தில், எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதை மிதிப்பவர் ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டும். ஆறு என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது போல. பதின்மூன்று என்றால் கொஞ்சம் கஷ்டம். பதினேழு, ரொம்பக் கஷ்டம். இருபது என்றால் உடம்பில் எதுவும் மிச்சமில்லை. உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல் அது. அதற்கு ரக்ஷனாவே தமிழில் வார்த்தை தேடிப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சைக்கிளுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்தாள்.

முதல் நாள் புஷ்பராணி மிதிக்க ஆரம்பித்து ஆறு நிமிடம் ஆனதும் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. மூச்சு இரைத்தது. திரையில் துடிப்பு நூற்று முப்பதைத் தொட்டது. எண் என்ன என்று ரக்ஷனா கேட்டாள்.

"ஏழு."

"ஆன்ட்டி, அவசரமே இல்ல. சுவத்துல இருக்கறதப் பாத்து, உங்களுக்கு எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை. ஏழுதான்."

இன்னும் இரண்டு நிமிடம் போனது. துடிப்பு நூற்று நாற்பத்து மூன்று. அவர் வயதுக்கு அதற்கு மேல் விடக்கூடாது என்பது விதி. ரக்ஷனா சைக்கிளை நிறுத்தினாள். எட்டு என்று சொல்லிவிட்டு, இறங்கக் கால் ஊன்றிய புஷ்பராணி கைப்பிடியை விடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆய்வுக்கு வழிகாட்டியான பேராசிரியர் கார்போனோ எண்கள் எழுதிய தாளைப் பார்த்துவிட்டு, அந்த அம்மாவுக்கு அளவுகோல் புரியவில்லை என்றார். அடுத்த முறை இன்னொரு தரம் விளக்கிப் பார், அப்போதும் இப்படியே வந்தால் அவரை நீக்கிவிடு என்று சொன்னார். அதற்குள் இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். புஷ்பராணியோடு சேர்த்தால் சரியாக இருபது. அவரை நீக்கினால் மறுபடி அலைய வேண்டும். ஒருவருக்கு மூன்று சோதனை, நடுவில் பத்து நாள் இடைவெளி. மார்ச்சுக்குள் நடக்காது.

இரண்டாம் முறை புஷ்பராணி வந்த நாளில் ரக்ஷனாவுக்குக் காலையில் ஒரு தேர்வு இருந்தது. எழுதி முடித்த கையோடு சாப்பிடாமல் வந்திருந்தாள். அளவுகோலை முதலிலிருந்து விளக்கினாள். புஷ்பராணி முன்போலவே ஓம், ஓம் என்றார். மிதி ஆரம்பித்தது, நான்காம் நிமிடத்தில் மறுபடி ஏழு வந்தது. ரக்ஷனாவின் பொறுமை அந்த இடத்தில் அறுந்தது.

"ஆன்ட்டி, இப்படி மூச்சு வாங்கும்போது ஏழு வராது. பதிமூணு. இன்னும் ஏறினா பதினஞ்சு சொல்லணும். சரியா?"

சொல்லிவிட்டாள். சொன்ன வாய் மூடுவதற்குள் தான் செய்தது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதல் ஆண்டு முதல் வாரத்திலேயே, செய்யவே கூடாது என்று சொல்லித்தந்த காரியம். புஷ்பராணி தலையாட்டினார். அடுத்த முறை கேட்டபோது அவர் சுவரைப் பார்க்கவில்லை, ரக்ஷனாவின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "பதினஞ்சு" என்றார். ரக்ஷனா எழுதிக்கொண்டாள்.

கணினியில் போட்டபோது கோடு பாடப்புத்தகத்துப் படம் மாதிரி ஏறியது. பேராசிரியர் திருப்திப்பட்டார். ரக்ஷனாவால்தான் திருப்திப்பட முடியவில்லை. அடுத்து வந்த நாட்களில் அந்தக் கோப்பை எத்தனையோ தரம் திறந்து பார்த்து மூடினாள். இருபதில் ஒருத்தர்தானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொல்லித் தீர்க்கக்கூடிய விஷயமாக அது இல்லை. ஆனாலும் பேராசிரியரின் அறை வரைக்கும் போய்ச் சொல்லத் தெம்பு வரவில்லை. உடம்பு அசந்திருக்கும்போது நேர்மையும் ஒரு மாடிப்படி போலத்தான் தெரிந்தது, நாளைக்கு ஏறிக்கொள்ளலாம் என்று.

மூன்றாம் முறை, மார்ச் நடுவில் ஒரு மதியம், புஷ்பராணி வேலையிலிருந்து நேராக வந்தார். காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. கூட வேலை செய்பவர் வராததால் இரண்டு மாடி வேலையையும் தானே பார்த்ததாகச் சொன்னார். அதையும் குறையாகச் சொல்லவில்லை, தான் பிந்தி வந்ததற்குக் காரணமாகத்தான் சொன்னார். ரக்ஷனா நெஞ்சுப் பட்டையைக் கட்டி, சைக்கிளுக்கு முன்னால் இருந்த நாற்காலியில் அவரை உட்காரவைத்தாள். ஐந்து நிமிடம் ஓய்வுத் துடிப்பைப் பார்க்க வேண்டும்.

"பிள்ளை, இதை எங்கட வேலையிடத்துக்கு எப்ப அனுப்புவீங்கள்?"

ரக்ஷனாவுக்குப் புரியவில்லை. எதை என்று கேட்டாள். இந்த நம்பர்களைத்தான் என்றார் புஷ்பராணி. கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. நவம்பரில் முழங்கால் வீங்கி அவர் மூன்று வாரம் வீட்டில் இருந்திருக்கிறார். திரும்பிப் போனபோது மேற்பார்வையாளர், இனி இந்த வேலையை உன்னால் சமாளிக்க முடியுமா என்று கேட்டாராம். கேள்வி அதோடு நின்றுவிட்டது. ஆனால் அன்றிலிருந்து புஷ்பராணிக்கு நெஞ்சில் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் தமிழ்க் கடையில் அந்தத் தாளைப் பார்த்தார். நின்று வேலை செய்யும் பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சோதிக்கிறார்கள் என்றதும், திடமாக இருக்கிறேன் என்று இங்கிருந்து ஒரு கடிதம் போகும் என்று நம்பிவிட்டார். ஒன்பது பக்கப் படிவத்தில் அவர் காதில் ஏறியது அவ்வளவுதான்.

"அதாலதான் முதல்ல ஏழு எண்டு சொன்னனான். களைப்பு எண்டு சொன்னா ஆர் வேலைக்கு வச்சிருக்கப் போயினம்? பேந்து நீங்கள் பதிமூண்டு, பதினஞ்சு எண்டு சொல்லச் சொன்னீங்கள். அதுதான் பாஸ் மார்க்காக்கும் எண்டு நினைச்சன்."

ரக்ஷனா பேனாவைக் கீழே வைத்தாள். இந்த எண்கள் எங்கேயும் போகாது, கோப்பில் அவர் பெயர்கூட இல்லை, பதினெட்டு என்ற எண்தான் இருக்கிறது, கடிதம் கொடுக்கும் அதிகாரமும் தனக்குக் கிடையாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். புஷ்பராணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சத்தம் உயர்த்தாமல், "அப்ப ஏன் பிள்ளை என்னை மூண்டு தரம் வரச்சொன்னனீங்கள்?" என்றார்.

அதற்கு ரக்ஷனாவிடம் பதில் இருந்தது. படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஆய்வின் நோக்கம் என்ற தலைப்பில் அது இருக்கிறது. அதை விட்டுவிட்டு, மன்னிப்புத்தான் கேட்டாள். நான் எண்ணைச் சொல்லிக் கொடுத்தது என் தப்பு, உங்கள் தப்பு இல்லை என்றாள். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டாள்.

"யாருக்கும் அனுப்ப வேணாம் ஆன்ட்டி. நான் எழுதவும் மாட்டேன். இப்போ நிஜமா எந்த நம்பர்?"

புஷ்பராணி முதல்முறையாகச் சுவரில் இருந்த தாளை மேலிருந்து கீழாக, ஒரு விரலால் காற்றில் தொட்டபடி வாசித்தார். அவர் கால் இன்னும் மிதியில் படவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தார். திரையில் துடிப்பு எண்பத்தெட்டு.

"பதினேழு," என்றார்.

ரக்ஷனா பட்டையைக் கழற்றினாள். இன்றைக்குச் சைக்கிள் வேண்டாம் என்றாள். ஓய்வில் ரத்த அழுத்தம் பார்ப்பதற்காக மூலையில் ஒரு கட்டில் கிடந்தது. ஒரு பத்து நிமிசம் சரிஞ்சு இருக்கட்டோ என்று புஷ்பராணி கேட்டார். படுத்தவர் போர்வையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை, அப்படியே தூங்கிப்போனார். நான்கு மணி வரைக்கும் அறை ரக்ஷனாவின் பெயரில் இருந்தது. விளக்கைக் குறைத்துவிட்டு, போர்வையை எடுத்து அவர் மேல் போட்டுவிட்டு, கணினி முன் உட்கார்ந்து பேராசிரியருக்கு நடந்ததை எழுதினாள். அழகுபடுத்த முயன்ற வரிகளை அழித்துவிட்டாள். மிஞ்சியது ஆறு வரி. அனுப்பிய பிறகு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். தூக்கம்தான் வந்தது. மேசையில் தலை சாய்க்காமல் இருக்கச் சிரமப்பட்டாள்.

மறுநாள் பேராசிரியர் கார்போனோ கூப்பிட்டு விட்டார். திட்டவில்லை. புஷ்பராணியின் சோதனைகள் எல்லாவற்றையும் நீக்கச் சொன்னார். மற்றவர்களிடமும் இப்படி நடந்திருக்கிறதா என்று சோதனைகளின்போது எடுத்த ஒலிப்பதிவுகளை முழுக்கக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். ரக்ஷனா இரண்டு வாரம் உட்கார்ந்து தன் குரலையே கேட்டாள். இன்னும் இரண்டு பேரிடம், அவ்வளவு வெளிப்படையாக இல்லாவிட்டாலும், எண்ணைத் தன் பக்கம் இழுத்திருந்தது தெரிந்தது. அவையும் போயின. ஏப்ரலில் எழுதிக் கொடுப்பது டிசம்பருக்குத் தள்ளிப்போனது. அம்மாவிடம் சொன்னபோது, அதே வகுப்பில் திரும்பப் படிக்க வேண்டுமா என்று கேட்டார். அப்படி இல்லை என்று விளக்கத் தொடங்கியவள் பாதியில் விட்டுவிட்டாள்.

மே மாதத்தில் ஒரு நாள் கோட்-டெ-நெய்ஜ் போகும் பஸ்ஸில் புஷ்பராணியைப் பார்த்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் கையைக் காட்டினார். வேலை எப்படி என்று ரக்ஷனா கேட்டாள். வேலை அப்படியே போய்க்கொண்டிருக்கு, மேற்பார்வையாளர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை, முழங்கால்தான் படி இறங்கும்போது நோகுது என்றார். பிறகு படிப்பைப் பற்றிக் கேட்டார்.

"இன்னும் முடியல ஆன்ட்டி. டிசம்பர் ஆகும்."

"என்னாலதானோ?"

"இல்ல. என்னாலதான்."

புஷ்பராணி பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ரக்ஷனா உட்கார்ந்தாள். பஸ் மேட்டில் மெதுவாக ஏறியது.