வெள்ளரிக்குள் ஒரு மனிதர்

இயக்குநருக்கு ஆய்வகத்தில் 'துல்லியம்' என்று பட்டப்பெயர். அந்தச் சொல்லை அவர் ஒரு நாளில் எத்தனை முறை உதிர்ப்பார் என்பதை மட்டும் யாரும் துல்லியமாக எண்ணியதில்லை. முகக்கவசம் போட்டால் குரலின் கம்பீரம் குறைகிறதாம். அதனால் வெறும் முகத்தோடு, திறந்து கிடக்கும் மாதிரித் தட்டுகளின் மேல் குனிந்தபடிதான் உரையாற்றுவார்.

அவர் மனைவியின் தம்பி அங்கே தரவு வாசிப்பவன். மச்சினன் என்பதால்தான் வேலை கிடைத்தது என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னது சரிதான்.

இயக்குநரின் புதிய முறை இது: ஒரே டி.என்.ஏ. இழையைத் திரும்பத் திரும்ப வாசித்து, வாசிப்புகள் ஒத்துப்போகிற எழுத்தை மட்டும் நம்புவது. பழைய முறை பிழையென்று ஒதுக்கிய சில்லறைத் தடயங்களையெல்லாம் இது கையும் களவுமாகப் பிடித்தது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. வெள்ளரி மாதிரிக்குள் கொஞ்சம் மனிதன் இருந்தான். ஈஸ்ட்டிலும் இருந்தான், அதே ஆள்.

"எவனோ எச்சில் தெறிக்க விட்டிருக்கான்!" தட்டுகளின் மேல் குனிந்தே இயக்குநர் கர்ஜித்தார். "எல்லாரும் கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சுக்குச்சி தேய்ச்சுக் குடுங்க. எவனுதுன்னு தெரிஞ்சுதோ, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். மச்சினன்னுகூடப் பாக்க மாட்டேன்." முன்னுதாரணமாக, முதல் குச்சியைத் தம் வாய்க்குள்ளேயே விட்டுக்கொண்டார்.

மச்சினன் தன் குச்சியைக் கடைசி ஆளாகக் கொடுத்தான். வெள்ளரித் தட்டுக்குப் பக்கத்தில் நின்று தும்மியவன் அவன். முடிவு வந்ததும் ஒற்றைக் கண்ணால் பார்த்தான். அவனில்லை. இன்னொரு கண்ணையும் திறந்து, யாரென்று பார்த்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இயக்குநர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

"அத்தான்... அது நீங்கதான்."

"மெஷின் தப்பா வாசிக்குது."

"சரி அத்தான். அப்ப அடுத்த வாரம் ஆய்வகத்தைச் சோதிக்க வர்ற குழுகிட்ட, நம்ம முறை தப்புன்னு சொல்லிடலாமா?"

இயக்குநர் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அறை அப்படியொரு காட்சியைக் கண்டதே இல்லை.

"முறை சரிதான்டா," என்றார் கடைசியில். "போய் ஒரு கவசம் எடுத்துட்டு வா. அக்காகிட்ட மூச்சு விடாத."

"எனக்கு வேலை இருக்கிற வரைக்கும் நான் ஏன் அத்தான் சொல்லப் போறேன்?"

குழு வந்த அன்று வெள்ளரி வெறும் வெள்ளரியாகவே வந்தது. ஈஸ்ட்டும் ஒழுங்காக ஈஸ்ட்டாயிற்று.

"பின்னணி மாசு நீக்கம்னு ஒரு புதுப் படியை நானே சேர்த்தேன்," என்று கவசத்துக்குள்ளிருந்து இயக்குநர் முழங்கினார்.

குழுத் தலைவி காதைச் சாய்த்தார். "மன்னிக்கணும், என்ன படின்னு சரியா கேக்கல."

நன்றாக விளக்கத்தான் வேண்டும் என்று, இயக்குநர் தட்டுகளின் மேல் குனிந்து கவசத்தைத் தாடைக்கு இறக்கினார்.

ஆய்வகமே பாய்ந்து தட்டுகளை மூடியது. மூடி கிடைக்காத மச்சினன், வெள்ளரியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான்.